முகமது ஹபிபுல்லா

சர் முகமது ஹபிபுல்லா (1869 – 1948) பிரித்தானிய இந்தியாவின் குறிப்பிடத்தக்க நிர்வாகிகளுள் ஒருவர் ஆவார். வேலூரில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் பொதுவாழ்வைத் தொடங்கிய இவர், சென்னை மாகாண ஆளுநரின் நிர்வாகக் குழுவிலும் பின்னர் வைசிராயின் நிர்வாகக் குழுவிலும் உறுப்பினராகப் பணியாற்றினார். 1934 முதல் 1936 வரை திருவிதாங்கூர் சமத்தானத்தின் திவானாக இருந்தார். அரசுப் பணிகளில் இனம், சாதி, சமயம் ஆகியவற்றின் பெயரால் பாகுபாடு காட்டப்படுவதாக எழுந்த மூன்று பெரும் முறையீடுகளோடு இவருடைய பெயர் இணைந்துள்ளது. அவை இந்திய உயர் பணிகளை ஆராய்ந்த லீ ஆணையம் (1923–1924), தென்னாப்பிரிக்க இந்தியர் குறித்த கேப் டவுன் மாநாடு (1926–1927), திருவிதாங்கூரின் நிவர்த்தனப் போராட்டம் (1932–1937) என்பனவாகும்.

பிறப்பும் கல்வியும்

ஹபிபுல்லா 1869ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் சென்னையை அடுத்த சைதாப்பேட்டையில் பிறந்தார். இவருடைய குடும்பம் கர்நாடக நவாபுகளின் மரபோடு தொடர்புடையது. பள்ளிக் கல்வியைச் சைதாப்பேட்டையில் பயின்றார். பின்னர் சட்டத் தேர்வில் தேர்ச்சி பெற்று, இளம் வயதிலேயே வழக்கறிஞர் தொழிலில் இறங்கி வேலூரில் குடியேறினார்.

வேலூரில் பொதுவாழ்வு

அக்காலத்தில் வேலூர் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கோட்டை நகரமாக இருந்தது. மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூரில் இருந்தது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்ட பின்னரே வேலூர் வட ஆர்க்காட்டின் தலைமையிடமாயிற்று. வேலூர் நகராட்சி 1866இல் அமைக்கப்பட்டது. 1895இல் அந்நகராட்சியில் உறுப்பினராக நுழைந்த ஹபிபுல்லா, பின்னர் அதன் தலைவராக உயர்ந்தார். மாவட்ட ஆட்சிக் கழகத்திலும் தலைமைப் பொறுப்பு வகித்தார். கான் பகதூர் என்னும் பட்டம் இவருக்கு வழங்கப்பட்டது.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் பாலாற்றுப் பகுதியின் தோல் தொழில் ஊர்களாகும். ஆவாரம் பட்டையைக் கொண்டு பதனிடப்பட்ட தோல்கள் இங்கிருந்து சென்னைத் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யப்பட்டன. முதல் உலகப் போர்க் காலத்தில் படைக்கு வேண்டிய காலணிகளுக்காக இத்தோலின் தேவை பெருகியது. வட்டார வழக்கில் தோல் ஷாப்பு எனப்படும் இப்பட்டறைகளை நடத்திய வணிகர்களில் தமிழ் முசுலிம்களும் உருது பேசும் முசுலிம்களும் மிகுதியாக இருந்தனர். ஊறல் குழிகளில் இறங்கி வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஆவர். வணிகத்தில் செல்வம் பெற்ற முசுலிம்கள் கல்விச் சங்கங்களை அமைத்துப் பள்ளிகளை நிறுவினர். 1919இல் வாணியம்பாடியில் இசுலாமியா கல்லூரி தொடங்கப்பட்டது.

இக்கல்வி முயற்சிகளுக்குப் பின்னணியில் அரசுப் பணி குறித்த கவலையும் இருந்தது. சென்னை மாகாணத்தில் முசுலிம்கள் எண்ணிக்கையில் சிறுபான்மையினர். ஆட்சியர் அலுவலகம், நீதிமன்றம், கல்வித்துறை ஆகியவற்றின் பணியிடங்களில் ஆங்கிலக் கல்வியில் முந்திக்கொண்ட பிராமணர்களே மிகுதியாக அமர்ந்திருந்தனர். பிராமணரல்லாத இந்துக்களும் முசுலிம்களும் கிறித்தவர்களும் தாழ்த்தப்பட்டோரும் இதனைக் குறித்துத் தனித்தனியாக முறையிட்டு வந்தனர். வேலூரில் நகர நிர்வாகம் நடத்திய காலத்திலேயே ஹபிபுல்லா இச்சூழலை அறிந்திருந்தார்.

சென்னை மாகாண நிர்வாகக் குழுவில்

ஹபிபுல்லா சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தவர். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி மாகாணங்களில் இரட்டை ஆட்சி முறை நடைமுறைக்கு வந்தபோது, ஆளுநரின் நிர்வாகக் குழுவில் இவர் இடம்பெற்றார். சர் இலயோனல் டேவிட்சன், சர் சார்லசு டாட்அண்டர், கே. சீனிவாச ஐயங்கார் ஆகியோர் இவருடன் பணியாற்றிய பிற உறுப்பினர்கள். மாற்றப்பட்ட துறைகள் நீதிக்கட்சி அமைச்சர்களிடமும், ஒதுக்கப்பட்ட துறைகள் நிர்வாகக் குழுவிடமும் இருந்தன.

இக்காலத்திலேயே சென்னை அரசு, அரசுப் பணி நியமனங்களில் பல வகுப்பினருக்கும் இடமளிக்க வேண்டுமென 1921 செப்டம்பரிலும் 1922 ஆகத்திலும் இரண்டு ஆணைகளை வெளியிட்டது. இவை வகுப்புவாரி ஆணைகள் எனப்படுகின்றன. முதல் ஆணை பெரும்பாலும் அறிவுறுத்தலாகவே நின்றது. நியமனம் செய்யும் அதிகாரம் துறைத் தலைவர்களிடமே இருந்ததால், எந்த வகுப்பினர் எத்தனை பேர் அமர்த்தப்பட்டனர் என்பதைக் கணக்கிட்டு அறிவிக்கச் செய்வதே முதற்கட்டத்தில் இயலக்கூடியதாக இருந்தது. 1924இல் பணியாளர் தெரிவு வாரியம் அமைக்கப்பட்டது. 1928இல் அமைச்சர் எஸ். முத்தையா முதலியார் காலத்தில் வெளிவந்த ஆணையே இக்கொள்கையை முழுமையாக நடைமுறைப்படுத்தியது. அதன்படி 12 பணியிடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 5, பிராமணர்களுக்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியரும் கிறித்தவரும் அடங்கிய பிரிவுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 எனச் சுழற்சி முறை வகுக்கப்பட்டது. அப்போது ஹபிபுல்லா சென்னை அரசில் இல்லை. எனினும் இதன் தொடக்கக் கட்டங்களை அரசின் உள்ளிருந்து கண்டவர் என்பதால், பிற்காலத்தில் இவர் திருவிதாங்கூரில் எதிர்கொண்ட சிக்கலைப் புரிந்துகொள்ள இப்பின்னணி முக்கியமானது.

லீ ஆணையம்

1923இல் இந்திய உயர் பணிகளை ஆராய்வதற்காக வைகவுண்ட் லீ தலைமையில் அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. தலைவரோடு சேர்த்து ஒன்பது பேர் கொண்ட இவ்வாணையத்தில் நால்வர் இந்தியர். பூபேந்திரநாத் பாசு, என். எம். சமர்த், அரி கிசன் கௌல் ஆகியோருடன் ஹபிபுல்லாவும் இடம்பெற்றார்.

ஆணையத்தின் முன் இரு தரப்புக் குறைகள் வந்தன. ஐரோப்பிய அதிகாரிகள், விலைவாசி உயர்வினால் தங்கள் ஊதியம் தேய்ந்துவிட்டதாகவும், அரசியல் மாற்றங்களால் பதவியின் உறுதி குறைந்துவிட்டதாகவும் முறையிட்டனர். இந்தியர்களோ உயர் பணிகளின் கதவே தங்களுக்குப் போதிய அளவு திறக்கப்படவில்லை என்றனர். இந்தியக் குடிமைப் பணித் தேர்வு 1922 வரை இலண்டனில் மட்டுமே நடத்தப்பட்டது. கடல் கடந்து சென்று தங்கிப் படிக்க வசதியற்ற இந்திய இளைஞர்களுக்கு அத்தேர்வு எட்டாததாகவே இருந்தது. எழுத்தில் எல்லோருக்கும் பொதுவான விதியே நடைமுறையில் ஒரு சாராரை விலக்கிவைக்கும் என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டாகும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்ற கோரிக்கையை 1890களிலேயே இரட்டைமலை சீனிவாசன் எதிர்த்தார். அவ்வாறு நடத்தினால் உயர் சாதியினரே பதவிகளில் நிறைந்து தாழ்த்தப்பட்டோரை நசுக்குவர் என்பது அவருடைய அச்சம். 1893இல் பிரித்தானிய நாடாளுமன்றத்துக்கு அவர் தாழ்த்தப்பட்ட மக்களின் கையெழுத்துகளுடன் விண்ணப்பம் அனுப்பினார். இந்தியர்மயமாக்கம் என்பது எந்த இந்தியருக்கு என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

1924இல் வெளிவந்த ஆணையத்தின் அறிக்கை பின்வரும் பரிந்துரைகளைச் செய்தது.

இந்தியக் குடிமைப் பணியில் புதிய நியமனங்களில் 40 விழுக்காடு நேரடியாக ஐரோப்பியர், 40 விழுக்காடு நேரடியாக இந்தியர், 20 விழுக்காடு மாகாணப் பணிகளிலிருந்து உயர்த்தப்படும் இந்தியர் என அமைய வேண்டும். இதனால் சுமார் 15 ஆண்டுகளில் அப்பணியில் இந்தியரும் ஐரோப்பியரும் சம அளவினராவர்.

இந்தியக் காவல் பணியில் இச்சமநிலை சுமார் 25 ஆண்டுகளில் எட்டப்பட வேண்டும்.

கல்வி, வேளாண்மை, கால்நடை மருத்துவம் போன்ற துறைகளுக்கு இனி அனைத்திந்திய அடிப்படையில் ஆள் எடுக்காமல், மாகாண அரசுகளே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐவர் கொண்ட பொதுப் பணி ஆணையத்தை உடனே அமைக்க வேண்டும்.

கடைசிப் பரிந்துரையே நிலைத்த பயன் தந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய ஆணையத்துக்கு இடமளித்திருந்தும் அது அமைக்கப்படாமலே இருந்தது. 1926 அக்டோபர் 1 அன்று சர் இராசு பார்க்கர் தலைமையில் அது பணியைத் தொடங்கியது. இன்றைய ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் மூலம் இதுவே. பணியில் ஆள் சேர்ப்பதையும் ஒழுங்கு நடவடிக்கைகள் மீதான மேல்முறையீடுகளையும் துறைக்கு வெளியே நிற்கும் ஓர் அமைப்பு பார்க்க வேண்டும் என்னும் கருத்து இதன் வழியாக இந்திய நிர்வாகத்தில் வேரூன்றியது.

ஆணையத்தின் அறிக்கை இந்தியத் தேசியவாதிகளிடம் பெரும் வரவேற்பைப் பெறவில்லை. ஐரோப்பிய அதிகாரிகளுக்குக் கடல் பயணச் செலவு உள்ளிட்ட சலுகைகள் வழங்கப்பட்டதும், சமநிலைக்கு 15 ஆண்டு, 25 ஆண்டு எனக் காலம் நீட்டப்பட்டதும் கண்டனத்துக்கு உள்ளாயின.

வைசிராயின் நிர்வாகக் குழுவில்

1925இல் ஹபிபுல்லா வைசிராயின் நிர்வாகக் குழுவில் கல்வி, உடல்நலம், நிலம் ஆகிய துறைகளின் பொறுப்பை ஏற்றார். இப்பொறுப்பில் இவருக்கு முன் இருந்தவர் சர் பி. என். சர்மா. இவருக்குப் பின் 1930இல் சர் பசுல் உசைன் பதவியேற்றார். ரீடிங் பிரபு, இர்வின் பிரபு ஆகிய இரு வைசிராய்களின் காலத்தில் இவர் பணியாற்றினார். வேளாண்மைக்கான அரச ஆணையத்தின் பரிந்துரைப்படி 1929இல் அமைக்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சிக் குழு இவருடைய துறையின் கீழ் வந்தது. அதே ஆண்டில் உலக நாடுகள் சங்கத்தின் கூட்டத்திற்குச் சென்ற இந்தியப் பேராளர் குழுவுக்கு இவர் தலைமை தாங்கினார். அக்குழுவுக்கு இந்தியர் ஒருவர் தலைவரானது அதுவே முதன்முறையாகும்.

கடல் கடந்த நாடுகளில் வாழும் இந்தியர் தொடர்பான அலுவல்களும் இவருடைய துறையைச் சார்ந்தவையாக இருந்தன.

தென்னாப்பிரிக்கா: கேப் டவுன் மாநாடு

1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுள் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறியவர்கள். வட ஆர்க்காடு மாவட்டம் அவர்கள் மிகுதியாகப் புறப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. அவர்களுடைய வழித்தோன்றல்கள் 1920களில் தோட்டங்களில் மட்டுமன்றி, இருப்புப் பாதை, நகராட்சி ஆகிய அரசு சார்ந்த நிறுவனங்களிலும் வேலை செய்தனர்.

1924இல் ஆட்சிக்கு வந்த எர்ட்சாக் அரசு, நாகரிக உழைப்புக் கொள்கை என்ற பெயரில் அரசு இருப்புப் பாதை உள்ளிட்ட நிறுவனங்களில் கறுப்பினத்தவரையும் இந்தியரையும் நீக்கி ஏழை வெள்ளையரை அமர்த்தத் தொடங்கியது. 1926இல் இயற்றப்பட்ட சுரங்கங்கள் மற்றும் வேலைகள் திருத்தச் சட்டம், திறன் சான்றிதழ் தேவைப்படும் வேலைகளிலிருந்து ஆப்பிரிக்கரையும் ஆசியரையும் விலக்க வழி செய்தது. இது நிறத்தடைச் சட்டம் எனப்பட்டது. இவற்றுடன், இந்தியர் குடியிருக்கவும் வணிகம் செய்யவும் தனிப் பகுதிகளை ஒதுக்கும் சட்ட முன்வரைவை உள்துறை அமைச்சர் டி. எப். மலான் 1925இல் கொண்டுவந்தார்.

இந்திய அரசு முதலில் சர் சார்ச் பாடிசன் தலைமையில் ஒரு குழுவை அனுப்பி நிலைமையை ஆராயச் செய்தது. அதன் விளைவாகச் சட்ட முன்வரைவு நிறுத்திவைக்கப்பட்டு, இரு அரசுகளும் பேச ஒப்புக்கொண்டன. 1926 திசம்பர் 17 முதல் 1927 சனவரி வரை கேப் டவுனில் நடந்த வட்டமேசை மாநாட்டில் இந்தியக் குழுவுக்கு ஹபிபுல்லா தலைமை தாங்கினார். வி. எஸ். சீனிவாச சாத்திரி, சர் பிரோசு சேத்னா, சர் சார்ச் பாடிசன், சி. எல். கார்பெட், சர் டார்சி லிண்ட்சே, செயலாளராகக் கிரிசா சங்கர் பாச்பாய் ஆகியோர் குழுவில் இருந்தனர்.

1927 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட கேப் டவுன் உடன்பாட்டின்படி மலானின் சட்ட முன்வரைவு கைவிடப்பட்டது. தென்னாப்பிரிக்காவில் நிலையாகத் தங்கும் இந்தியர் மற்ற மக்களைவிடப் பின்தங்கிவிடாதபடி உயர்த்துவதற்கு அந்நாட்டு அரசு பொறுப்பேற்றது. நேட்டாலில் இந்தியர் கல்வி குறித்தும், தர்பன் நகரில் இந்தியர் குடியிருப்புகளின் சுகாதாரம் குறித்தும் விசாரணை நடத்த ஒப்புக்கொள்ளப்பட்டது. இந்திய அரசின் முகவர் ஒருவர் அந்நாட்டில் தங்குவதற்கும் ஏற்பாடாயிற்று. சீனிவாச சாத்திரி முதல் முகவரானார். பதிலாக, இந்தியா திரும்ப விரும்புவோருக்குப் பெரியவருக்கு 20 பவுண்டும் குழந்தைக்கு 10 பவுண்டும் கொடுத்து அனுப்பும் திட்டத்தை இந்திய அரசு ஏற்றது.

வேலையில் காட்டப்பட்ட பாகுபாட்டைப் பொறுத்தவரை உடன்பாடு குறைவான பயனையே தந்தது. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற விதி இந்தியருக்கும் பொருந்தும் என்பது கேட்பதற்கு நியாயமானது. ஆனால் ஊதியம் சமமானால் முதலாளிகள் வெள்ளையரையே தேர்ந்தெடுப்பர் என்பது அந்நாட்டின் நடைமுறை. நிறத்தடைச் சட்டமும் தொடர்ந்தது. உதவித்தொகை பெற்றுத் திரும்பியோரில் பலர், தாங்கள் பிறவாத ஊரில் வேலையும் உறவுமின்றிச் சென்னையிலும் பிற இடங்களிலும் துன்புற்றனர். எனினும், தனிப் பகுதிச் சட்டத்தைப் பல ஆண்டுகளுக்குத் தள்ளிப்போட்டதும், முறையீட்டைக் கேட்க முகவர் ஒருவரை அந்நாட்டிலேயே அமர்த்தியதும் மாநாட்டின் பயன்களாகக் கருதப்படுகின்றன.

திருவிதாங்கூர் திவான்

1934 மார்ச்சில் ஹபிபுல்லா திருவிதாங்கூரின் திவானாகப் பொறுப்பேற்றார். இவருக்கு முன் தாமசு ஆசுடின் அப்பதவியில் இருந்தார். 1931இல் ஆட்சியுரிமை பெற்ற சித்திரைத் திருநாள் பலராம வர்மா அப்போது மன்னர். சர் சி. பி. இராமசாமி ஐயர் மன்னரின் சட்ட ஆலோசகராக இருந்தார். நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் அடங்கிய தமிழ் வட்டங்கள் அன்று திருவிதாங்கூரின் பகுதிகளாக இருந்தன.

முறையீட்டின் வரலாறு

திருவிதாங்கூரில் அரசுப் பணி குறித்த முறையீடு நெடிய வரலாறு கொண்டது. 1891இல் 10,028 பேர் கையெழுத்திட்டு மன்னருக்கு அளித்த மலையாளி விண்ணப்பம், உயர் பதவிகளில் வெளியூரிலிருந்து வந்த பிராமணர்களே அமர்த்தப்படுவதாகக் குறை கூறியது. அவர்களுள் தமிழ்ப் பிராமணர்கள் மிகுதி. அதன்பின் நாயர்களுக்குப் பதவிகள் பெருகின. ஆனால் ஈழவர், கிறித்தவர், முசுலிம், நாடார் முதலியோரின் நிலை பெரிதும் மாறவில்லை.

டாக்டர் பல்பு என்பவரின் அனுபவம் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டாகும். ஈழவரான இவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று தகுதி பெற்றார். இருந்தும் சொந்த நாடான திருவிதாங்கூரின் மருத்துவத் துறை இவருக்கு வேலை தர மறுத்தது. இவர் மைசூர் அரசுப் பணியில் சேர்ந்தார். 1896இல் 13,176 பேர் கையெழுத்திட்ட ஈழவர் விண்ணப்பம் இவருடைய முயற்சியால் மன்னரிடம் அளிக்கப்பட்டது. அதற்கும் உரிய பலன் கிட்டவில்லை.

விலக்குக்கு நிர்வாகக் காரணங்களும் கூறப்பட்டன. நிலவரித் துறையே கோயில்களையும் நிர்வகித்து வந்தது. கோயிலுக்குள் நுழைய முடியாத சாதியினரும், இந்து அல்லாதோரும் அத்துறையில் பணிபுரிய முடியாது என்று விளக்கம் தரப்பட்டது. 1922இல் தேவசுவம் தனித்துறையாகப் பிரிக்கப்பட்டதும் இக்காரணம் நீங்கியது. அதன்பின்னும் நியமனங்களில் விரைவான மாற்றம் ஏற்படவில்லை. நாயர் படையில் நாயர்கள் மட்டுமே சேர்க்கப்பட்டு வந்தனர்.

நிவர்த்தனப் போராட்டம்

1932இல் திருவிதாங்கூரில் ஈரவைச் சட்டமன்றம் அறிவிக்கப்பட்டது. வாக்குரிமை நிலவரியைச் சார்ந்திருந்ததால், நிலமுடைய நாயர்களுக்கே மிகுதியான இடங்கள் கிடைக்கும் நிலை இருந்தது. 1931 கணக்கெடுப்பின்படி சமத்தானத்தின் மக்கள்தொகை சுமார் 51 இலட்சம். இதில் கிறித்தவர் சுமார் 16 இலட்சம், ஈழவர் சுமார் 8.7 இலட்சம், முசுலிம்கள் சுமார் 3.5 இலட்சம். இம்மூன்று சமூகத்தாரும் கூட்டு அரசியல் காங்கிரசு என்னும் அமைப்பை நிறுவினர். மக்கள்தொகைக்கேற்பச் சட்டமன்ற இடங்களும் அரசுப் பணிகளும் வேண்டுமென்பது இவர்களுடைய கோரிக்கை. அது ஏற்கப்படாததால் தேர்தலில் பங்குகொள்ளாமல் ஒதுங்கினர். காந்தியடிகளின் ஒத்துழையாமையிலிருந்து வேறுபடுத்த இதற்கு நிவர்த்தனம் என்று பெயரிட்டனர். இச்சொல்லைத் தந்தவர் ஐ. சி. சாக்கோ. சி. கேசவன், டி. எம். வர்கீசு, என். வி. சோசப், பி. கே. குஞ்சு முதலியோர் இதன் தலைவர்கள்.

நோக்ஸ் விசாரணையும் பொதுப் பணி ஆணையரும்

ஹபிபுல்லா திவானானபோது தேர்தல் முடிந்து, போராட்டம் முறையீடாகத் தொடர்ந்துகொண்டிருந்தது. அரசுப் பணிகளில் சமூகங்களின் நிலையையும் ஆள்சேர்ப்பு முறையையும் ஆராயும் பணி சட்ட அறிஞரான டாக்டர் சி. டி. நோக்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய பரிந்துரையின் அடிப்படையில் ஆள்சேர்ப்புக்குப் புதிய விதிகள் வகுக்கப்பட்டன. உயர் பதவிகளுக்குத் தகுதியை மட்டும் அளவுகோலாகவும், அதற்குக் கீழுள்ள பதவிகளுக்குச் சமூகச் சுழற்சியையும் சேர்த்துக் கொள்ளும் முறை ஏற்பட்டது. 1936 சூன் 14 அன்று நோக்ஸே திருவிதாங்கூரின் முதல் பொதுப் பணி ஆணையராக அமர்த்தப்பட்டார்.

இம்மாற்றத்தின் பொருளை முன்பிருந்த நடைமுறையோடு ஒப்பிட்டே அறிய முடியும். அதுவரை காலியிடம் ஏற்பட்டால் துறைத் தலைவரே ஆளைத் தெரிவு செய்தார். மறுக்கப்பட்டவர் அதே துறையிடமே முறையிட வேண்டும். மறுப்புக்குக் காரணம் சாதியா தகுதியா என்பதைக் காட்டும் பதிவு எதுவும் அவரிடம் இராது. ஆணையர் அமர்த்தப்பட்டபின் விண்ணப்பங்கள் ஓரிடத்தில் பெறப்பட்டன. தெரிவுக்கு எழுத்தில் விதிகள் இருந்தன. எந்தச் சமூகத்தாருக்கு எத்தனை இடம் கிடைத்தது என்பதைக் கணக்கிட்டுச் சொல்ல முடிந்தது. தனிப்பட்ட ஒருவரின் குறை, எண்ணிக்கையால் சரிபார்க்கக்கூடிய பொதுச் செய்தியாக மாறியது.

கேசவன் கைது

இதே காலத்தில் ஹபிபுல்லாவின் அரசு போராட்டத் தலைவர்கள் மீது கடுமையும் காட்டியது. 1935 மே 11 அன்று கோழஞ்சேரியில் நடந்த கூட்டத்தில் சி. கேசவன் அரசையும் சி. பி. இராமசாமி ஐயரையும் கடுமையாகத் தாக்கிப் பேசினார். சூன் மாதம் அவர் கைது செய்யப்பட்டு, இராசதுரோகக் குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றார். முறையீட்டில் நியாயம் உண்டென்று கண்டு விசாரணைக்கு ஏற்பாடு செய்த அரசே, அம்முறையீட்டை உரத்துச் சொன்னவரைச் சிறையிலிட்டது. இது ஹபிபுல்லாவின் திவான் காலத்தின் பெரும் முரண்பாடாகும். இக்கைது போராட்டத்தை ஒடுக்குவதற்கு மாறாக, அதற்கு மேலும் ஆதரவைத் திரட்டித் தந்தது.

பதவி விலகலும் பின்விளைவுகளும்

இவர் திவானாக இருந்தபோதே 1935இல் பள்ளிவாசல் நீர்மின் திட்டப் பணிகள் தொடங்கப்பட்டன. 1936 அக்டோபரில் ஹபிபுல்லா பதவியிலிருந்து விலக, சி. பி. இராமசாமி ஐயர் திவானானார். அடுத்த மாதம், நவம்பர் 12 அன்று, எல்லா இந்துக்களுக்கும் கோயில்களைத் திறந்துவிடும் புகழ்பெற்ற பிரகடனம் வெளியிடப்பட்டது. 1937 தேர்தலில் கூட்டு அரசியல் காங்கிரசு பெரும் வெற்றி பெற்றது. டி. எம். வர்கீசு சட்டமன்றத்தின் துணைத் தலைவரானார். சிறையிலிருந்து விடுதலையான கேசவன் பின்னாளில், 1951இல், திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் முதலமைச்சராக உயர்ந்தார்.

ஆணையர் பதவி நிலைத்தது. 1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது அது பொதுப் பணி ஆணையமாக விரிந்தது. 1956இல் கேரள மாநிலம் உருவானபோது கேரளப் பொதுப் பணி ஆணையமாயிற்று. அதே ஆண்டில் தென் திருவிதாங்கூரின் தமிழ் வட்டங்களான தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகியன சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின.

மதிப்பீடு

ஹபிபுல்லா மக்கள் தலைவர் அல்லர். விடுதலைப் போராட்டத்திலோ சமூகச் சீர்திருத்த இயக்கங்களிலோ முன்னின்றவரும் அல்லர். பிரித்தானிய அரசின் பட்டங்களையும் பதவிகளையும் ஏற்று அதன் எல்லைக்குள் நின்று செயல்பட்டவர். திருவிதாங்கூரில் கிடைத்த உரிமைகள் இவருடைய கருணையால் விளைந்தவை அல்ல. 1896 முதல் முறையிட்டுவந்த ஈழவர்களும், அவர்களோடு கைகோத்த கிறித்தவரும் முசுலிம்களும் தேர்தலைப் புறக்கணித்தும் சிறை சென்றும் பெற்றவை அவை. நோக்ஸ் விசாரணையில் சி. பி. இராமசாமி ஐயருக்கும் ஹபிபுல்லாவுக்கும் உள்ள பங்கினைப் பிரித்தறிவதும் எளிதன்று.

ஆயினும் இவருடைய வாழ்க்கை, அரசுப் பணியில் பாகுபாடு குறித்த முறையீடுகள் இந்தியாவில் எவ்வாறு கையாளப்பட்டன என்பதை அறிய உதவுகிறது. லீ ஆணையத்தில் இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு, கேப் டவுனில் வெள்ளையருக்கும் ஆசியருக்கும் இடையிலான நிற வேறுபாடு, திருவனந்தபுரத்தில் ஒரே மண்ணின் மக்களுக்குள் இருந்த சாதி சமய வேறுபாடு என மூன்றையும் இவர் எதிர்கொண்டார். இவற்றுள் விசாரணையோடு நிலையான அமைப்பும் ஏற்பட்ட இடங்களில், அதாவது 1926இல் தில்லியிலும் 1936இல் திருவனந்தபுரத்திலும், பயன் தொடர்ந்தது. உடன்பாட்டில் நல்லெண்ணம் மட்டுமே எழுதப்பட்டு, அதைச் செயல்படுத்தும் அதிகாரம் பாகுபாடு காட்டிய அரசிடமே விடப்பட்ட தென்னாப்பிரிக்காவில் நிலைமை பின்னர் மேலும் மோசமாயிற்று. 1948இல் மலான் அந்நாட்டின் பிரதமராகி, நிறவெறி ஆட்சியைச் சட்டமாக்கத் தொடங்கினார்.

மறைவும் நினைவும்

ஹபிபுல்லா 1948ஆம் ஆண்டு மே மாதம் காலமானார். சென்னை தியாகராய நகரில் உள்ள ஹபிபுல்லா சாலை இவருடைய பெயரைத் தாங்கியுள்ளது. இவர் பொதுவாழ்வைத் தொடங்கிய வட ஆர்க்காடு மாவட்டம் பலமுறை பிரிக்கப்பட்டுவிட்டது. 2019இல் வேலூர் மாவட்டம் வேலூர், திருப்பத்தூர், இராணிப்பேட்டை என மூன்றாக்கப்பட்டதில், தோல் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் அமைந்தன.